கரைவலைக் கயிறும் இரண்டு மைக்கும்

திருகோணமலையில் இருந்துகொண்டு, பின்னால் எந்த நிறுவனமும் இல்லாமல், எங்கள் பக்கத்து நாட்டார் பாடல்களை ஒரு இசைத்தொகுப்பாக்கி வெளியிட்டோம். ஏழு பாட்டு, 31 நிமிடம். கிற்றார், றபான் என்ற ஒருபக்கத் தோல் வாத்தியம், உடுக்கு, மற்றதெல்லாம் மனிதக் குரல். செய்தது நானும் சித்தப்பாவின் மகனான தம்பியும். தொகுப்பு வெளிவந்து ஒரு வாடைக்காலம், அதாவது வடகிழக்குக் காற்று வீசும் மழைக்காலம், கடந்துவிட்டது. யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை, எதனால் என்பது இப்போது ஓரளவு தெளிந்திருக்கிறது. வீட்டில் ரெக்கோடிங் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் என்ன மைக், எவ்வளவு முடிந்தது, கடற்கரையில் காற்றை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை பாட்டுச் சேர்ப்பது. கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் வலை கரைவலை. அதை இழுக்கும்போது பாடும் அம்பா நிலாவெளிப் பக்கம் கிடைத்தது. தம்பலகாமத்தில் மாடு கட்டிச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்த காலத்துப் பொலிப் பாட்டைத் தெரிந்த ஒரு பெரியப்பா இருந்தார். தாலாட்டு எங்கள் வீட்டிலேயே, அம்மம்மாவிடம். ஊஞ்சல் பாட்டும் கும்மியும் பாலையூற்றில் பெரியம்மாமார் சிலரிடம். கிண்ணியாவில் ஒரு மூத்தம்மா கவி என்னும் நாட்டார் பாட்டுச் சொன்னார். எல்லாவற்றையும் முதலில் போனில்தான் பதிந்தோம், மெட்டுப் படிப்பதற்காக. அந்தப் போன் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். பிறகு நல்ல மைக்கில் பாடச் சொன்னபோது வராத சொற்களும் இழுப்புகளும் அதில்தான் இருந்தன. ஒவ்வொரு கோப்புக்கும் யார், எந்த ஊர், என்ன செய்துகொண்டிருந்தபோது பாடினார் என்று அன்றே பெயரிட்டு வையுங்கள். அந்தக் கடைசி விவரம் எங்களுக்கு எவ்வளவு உதவப்போகிறது என்பது அப்போது தெரியாது.

அடுத்தது அறை. பாலையூற்றில் சித்தப்பா வீட்டின் பின்னறை, 10 அடிக்கு 11 அடி, சீமெந்துச் சுவர், மேலே ஓடு. கைதட்டினால் சுவர் திருப்பிக் கைதட்டியது. யூடியூபில் பார்த்துவிட்டு முட்டை மட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டினோம். தட்டின் கூர்மை கொஞ்சம் போனது, குரலின் அடித்தொண்டை எதிரொலி அப்படியே நின்றது. மெல்லிய மட்டைக்கு மேல்சுரத்தை மட்டும்தான் விழுங்க முடியும். ஒட்டிய பசை காய்வதற்கு முன்பே கழற்றிவிட்டோம். அதன்பிறகு செய்ததுதான் பலித்தது: பழைய தும்பு மெத்தைகள். விடுதியொன்று அறைகளைப் புதுப்பித்தபோது கழித்துப்போட்டவை, 4 அங்குலத் தடிப்பு, ஒன்று 2,500 ரூபாய். ஐந்து வாங்கினோம். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினோம். அந்த இடைவெளி முக்கியம், ஒட்டி வைப்பதைவிட நன்றாகக் கேட்கிறது. பாடுகிறவரின் முதுகுப் பக்கம் இரண்டு, இரு பக்கமும் ஒவ்வொன்று, தலைக்கு மேல் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒன்று. வெய்யிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகே உள்ளே எடுங்கள், இல்லாவிட்டால் தும்புத் தூசியில் பாடுகிறவருக்கு இருமல் வரும்.

மின்விசிறி போட்டால் மைக் அதைக் கேட்கும், போடாவிட்டால் ஆள் தாங்கமாட்டார். பாட்டுக்கு நடுவில் போட்டு, பாடும்போது நிறுத்தினோம். பகலில் காகம், பள்ளிக்கூட மணி, பின்னேரம் பாண் விற்க வரும் ஓட்டோவின் மெட்டு. தாலாட்டின் நல்ல பதிவு ஒன்றில் அந்த மெட்டு தெளிவாக விழுந்திருக்கிறது, எந்தப் பில்டராலும் எடுக்க முடியவில்லை. ஆகவே இரவு 11 மணிக்குப் பிறகுதான் பதிவு. லப்டொப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பற்றரியில் ஓட்டினால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பெருமளவு குறையும். செலவில்லாத வேலை, முதலில் இதைச் செய்து பாருங்கள்.

சாமான்கள்: மைக்கைக் கணினியோடு இணைக்கும் பழைய இரண்டு வழி ஓடியோ இன்டர்பேஸ் 38,000 ரூபாய். கண்டென்சர் மைக் ஒன்று 24,000. திருவிழாக்களுக்கு வாசிக்கும் இசைக்குழு ஒன்றிடமிருந்து கைமாறிய டைனமிக் மைக் 6,000. ஒலிப்பதிவுச் சொப்ட்வெயார் ரீப்பர், தனியாள் உரிமம் 60 டாலர், எங்கள் காசுக்கு 18,000 அளவில் வந்தது. அதைச் சோதித்துப் பார்க்க 60 நாள் தருகிறார்கள், அதற்குள் பழகிவிடலாம். எல்லாப் பதிவும் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ். சத்தத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி வைத்தோம், ஏனென்றால் எங்கள் ஆட்கள் மெதுவாகத் தொடங்கித் திடீரென்று குரலை உயர்த்துவார்கள்.

கடலோர ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். கண்டென்சர் மைக் சில விடியற்காலைகளில் அப்பளம் நொறுங்குவதுபோலப் பொரிந்தது. கேபிளை மாற்றினோம், இன்டர்பேஸை மாற்றிப் பார்த்தோம், மின்சாரத்தைச் சந்தேகித்தோம். காரணம் ஈரம். இந்த வகை மைக்கின் உள்ளே மயிரிழை இடைவெளியில் ஒரு மெல்லிய தகடு மின்னேற்றத்தோடு இருக்கிறது. உப்புக் கலந்த ஈரம் அதில் படிந்தால் மின்னேற்றம் கசிந்து பொரியும். பெரிய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, காற்றுப் புகாத மூடி, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கால் கிலோ, எல்லாமாக 1,900 ரூபாய். ஒரு இரவு முழுக்க மைக்கை அதற்குள் வைத்தெடுத்தால் சத்தம் நின்றது. மணிகள் நிறம் மாறியதும் அடிகனமான சட்டியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வரும், திரும்பவும் பாவிக்கலாம். சிலிக்காவுக்குப் பதிலாக அரிசி போடச் சொன்னார்கள். அரிசித் தூள் மைக்குக்குள் போகும், வேண்டாம். கிற்றார் கம்பிகளுக்கும் இதே கதைதான். சாதாரண வெண்கலக் கம்பி இரண்டு கிழமையில் கறுத்து மந்தமாகும், பூச்சுப் பூசிய கம்பி மூன்று மடங்கு விலை என்றாலும் பதிவுக்காலம் முழுக்கத் தாங்கியது.

இனி அம்பாவுக்கு வருகிறேன். தொகுப்பின் நடுப்பாட்டு அதுதான்.

முதலில் அதை அறையில் செய்தோம். நிலாவெளியிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்து, ஹெட்போன் மாட்டி, நிமிடத்துக்கு 72 தட்டு என்று கிளிக் (வேகம் காட்டும் தட்டுச் சத்தம்) போட்டு, தலைப்பாட்டுக்காரர் ஒரு மைக்கிலும் ஏலேலோ சொல்கிறவர்கள் மற்ற மைக்கிலும் பாடினார்கள். சுத்தமான பதிவு. அதன்மேல் கிற்றார், றபான் எல்லாம் ஏற்றி, அவர்களுடைய கடற்கரைக் கொட்டிலான வாடிக்குக் கொண்டுபோய் ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினோம். முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா கடைசியில் சொன்னது இது: "தம்பியவை, பாட்டுச் சரி. வலையைக் காணேல்லையே."

எங்கள் தொகுப்புக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. இன்றுவரை கிடைத்தவற்றில் பயனுள்ளதும் அதுவே. அவர் சொன்ன பிறகு கேட்டால் எல்லாம் தெரிந்தது. அறையில் பாடியவர்கள் மூச்சை எடுத்த இடமே வேறு. கயிற்றை இழுக்கும்போது ஏலேலோவின் முதல் எழுத்தில் உடம்பின் பாரம் பின்னால் சாய்கிறது, குரல் அங்கே நசுங்குகிறது, அடுத்த எழுத்தில் கால் மாறுகிறது. கதிரையில் இருந்து பாடினால் அந்த நசுங்கல் வராது. வேகமும் அப்படித்தான். வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, தூரத்தில் இருக்கும்போது பாட்டு மெதுவாகப் போகும், கரை கிட்டக் கிட்ட ஏறும். பிறகு கடற்கரைப் பதிவில் அளந்து பார்த்தோம்: தொடக்கத்தில் நிமிடத்துக்கு 54 இழுப்பு, கடைசியில் 80க்கு மேல். அதை 72 என்ற ஒரே எண்ணில் கட்டிப்போட்டிருந்தோம். அந்தப் பதிவு முழுவதையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வலை இழுக்கும் இடத்துக்கே மைக்கைக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தோம்.

கரைவலைக்குக் கடல் அமைதியாக இருக்கவேண்டும், ஆகவே எங்கள் கரையில் அது வாடை ஓய்ந்த பிறகு நடக்கும் தொழில். ஆனால் அந்தக் காலத்தில்தான் கச்சானும் அடிக்கிறது. கச்சான் தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று, வெயில் ஏற ஏற வலுக்கும். விடியற்காலை முதல் வலைதான் ரெக்கோடிங்குக்கு ஏற்றது. மைக்கின் முதுகு தரைப்பக்கம், முகம் கடற்பக்கம். கரையில் ஏற்றிவைத்த தோணி ஒன்றின் மறைவில், முழங்கால் உயரத்தில் வைத்தோம். பஞ்சு உறை மட்டும் போதாது, கச்சானில் அது இல்லாததற்குச் சமம். நீள மயிர் உள்ள பொம்மைக்கரடித் துணி அரை மீற்றர் வாங்கி, பிரதான வீதியில் ஒரு தையல்காரரிடம் பை மாதிரித் தைத்தெடுத்தோம், தையற்கூலியோடு 600 ரூபாய். பஞ்சு உறைக்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டு இந்தப் பை. காற்றின் குமுறல் பெரும்பாலும் அடங்கியது. மிச்சத்தை 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி எடுத்தோம்.

கடல் வேறு மாதிரி. அலைச் சத்தம் எல்லாச் சுரத்திலும் பரந்து கிடப்பதால் அதை வெட்டினால் குரலும் சேர்ந்து போகும். திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடிய காலத்திலிருந்து இரைந்துகொண்டிருக்கும் கடலை ஒரு சொப்ட்வெயார் துடைத்துவிடாது. துடைக்கப் பார்த்த பதிவில் மனிதர்கள் தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் இருந்தது. நாங்கள் செய்தது தூரத்தை மாற்றியது மட்டும். கயிற்று வரிசையின் முன்னால் நிற்பவர்கள் அலைக்குள்ளேயே நிற்பார்கள். வரிசையின் பின்னால், ஒரு பையன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பான். அது தண்ணீரிலிருந்து 15 மீற்றர் தள்ளி. அங்கே மைக்கை வைத்தால் குரல் கிட்ட, கடல் எட்ட. ஈரக் கயிறு ஒன்றோடொன்று உரசி மணலில் விழும் சத்தமும் கிடைத்தது. தொகுப்பில் அந்தப் பாட்டு அந்தச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. அதைத் தாளம் என்று நினைத்துப் பலர் என்ன வாத்தியம் என்று கேட்டார்கள்.

தலைப்பாட்டுக்காரர் இங்கும் அங்கும் நடப்பார், ஆகவே அவர் குரலைத் தனியாக எடுக்கவேண்டியிருந்தது. சட்டையில் குத்தும் சின்ன மைக்கை மாட்டச் சட்டை இல்லை, வெறும் மேல். அவர் தலையில் கட்டியிருந்த துவாயின் மடிப்பில், நெற்றிக்குச் சற்று மேலே மைக்கைச் செருகி, வயரைப் பின்கழுத்து வழியாக இறக்கி, இடுப்பில் போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டினோம். நெற்றியில் இருந்ததால் உரசல் சத்தம் இல்லை, வாய்க்கும் எப்போதும் ஒரே தூரம். 1,800 ரூபாய் மைக். வியர்வையில் ஒன்று செத்துப்போனது, இரண்டாவதற்கு மெல்லிய ரப்பர் உறை போட்டோம். உறை போட்டால் சத்தம் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை.

கரைவலையில் இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். தொடக்கத்தில் 100 மீற்றருக்கு மேல் விலகி நின்று இழுப்பார்கள், வலை கரைக்கு வர வர ஒருவரை ஒருவர் நோக்கி நகர்வார்கள். நாங்கள் ஒவ்வொரு கூட்டத்தோடும் ஒரு கையடக்க ரெக்கோடர் வைத்தோம். ஒன்று 52,000 ரூபாய்க்கு வாங்கிய பழையது, மற்றது இரவல். தொடங்கும்போது நடுவில் நின்று ஒரு தடவை, முடியும்போது அதே இடத்தில் ஒரு தடவை, இரண்டு சிரட்டையைப் பலமாக அடித்தோம், பிறகு கணினியில் பொருத்துவதற்கு. முடிவுச் சிரட்டையை மறக்காதீர்கள். இரண்டு ரெக்கோடரின் கடிகாரமும் சரியாக ஒன்றாக ஓடுவதில்லை, 40 நிமிடத்தில் பத்தில் ஒரு செக்கன் விலகியிருந்தது. ஒரு மணித்தியாலப் பதிவு ஏறத்தாழ 1 ஜிபி. கார்ட் சிறிதாக இருந்தால் மடி வரும் நேரத்தில் நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்து பொருத்தும்போது ஒரு விசித்திரம். ஒரு கூட்டத்தின் ரெக்கோடரில் மற்றக் கூட்டத்தின் குரல் பிந்தி விழுகிறது. 100 மீற்றர் கடக்க ஒலிக்குக் கிட்டத்தட்ட 0.3 செக்கன் வேண்டும். தம்பி அதைச் சரிசெய்து இரண்டையும் ஒன்றாக நகர்த்தி வைத்தான். கேட்டால் கடற்கரை காணாமல் போய், எல்லோரும் ஒரு மேடையில் நிற்கிறார்கள். பழையபடி விட்டோம். ஒரு கூட்டம் இடக்காதில், மற்றது வலக்காதில். மடி நெருங்க நெருங்க இரண்டும் நடுவுக்கு வருகின்றன, பிந்தல் குறைகிறது, கடைசியில் ஏலேலோ ஒரே குரலாகிறது. நாங்கள் எதையும் நகர்த்தவில்லை, அவர்கள் நடந்து வந்ததுதான். தொகுப்பு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த 20 செக்கன் அது.

இதன்மேல் கிற்றார் வாசிப்பது தனிப்பாடு. கிளிக் இல்லை, வேகம் ஏறுகிறது, சுருதியும் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை. தலைப்பாட்டுக்காரர் பாடிய ஆதாரச் சுருதி சி ஷார்ப்புக்கும் டிக்கும் நடுவில் இருந்தது. குரலை இழுத்துத் திருத்த மனம் வரவில்லை, ஆகவே கிற்றாரை அவருக்கு ஏற்றபடி 40 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் நாற்பது பங்கு) இறக்கிச் சுருதி கூட்டினோம். கோர்ட் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தது ஒத்துவரவில்லை. கீழ்க்கம்பி இரண்டை மட்டும் திறந்து மீட்டி, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் விழும்படி வைத்தோம். அவ்வளவு போதுமாக இருந்தது.

அம்பா படிப்பித்ததை மற்றப் பாட்டுகளுக்கும் கொண்டுபோனோம். ஆரம்பத்தில் எழுதிவைத்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தால், நல்ல போன் பதிவு எல்லாமே ஏதோ வேலைக்கு நடுவில் எடுத்தது. அம்மம்மாவின் தாலாட்டு அறையில் வரண்டு கிடந்தது. கூடத்தில் ஏணை (துணித் தொட்டில்) கட்டி, அக்காவின் பிள்ளையைப் போட்டு, கயிற்றை அவர் கையில் கொடுத்தோம். இரண்டாவது அடியிலேயே குரல் இறங்கிவிட்டது. உத்திரத்தில் ஏணைக்கயிறு கிறீச்சிடும் சத்தம் பாட்டோடு கிடக்கிறது, எடுக்கவில்லை. தம்பலகாமத்துப் பெரியப்பாவுக்குக் களம் இல்லை. இப்போது வயலில் வெட்டு மிஷின் இறங்கி வெட்டிச் சூடடித்துச் சாக்கில் கட்டித் தருகிறது, பொலிப் பாட்டுக்கு அங்கே இடமில்லை. முற்றத்தில் படங்கு விரித்து, ஒரு சாக்கு நெல்லும் சுளகும் வைத்தோம். தூற்றத் தொடங்கியதும், போன் பதிவில்கூட இல்லாத இரண்டு அடி தானாக வந்தது. நெல் விழும் சத்தத்துக்கு மைக்கை அவர் வாய்க்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில், இரண்டு முழம் தள்ளி வைத்தோம். தூசி மைக்கில் படாமல் மேலே நைலோன் துணி ஒன்று.

கிண்ணியா மூத்தம்மாவின் கவி தொகுப்பில் இல்லை. பாய் இழைத்தபடி அவர் சொன்னது நாங்கள் பதிந்ததிலேயே அருமையான குரல். பதிந்து முடிந்த பிறகு, இது இன்டர்நெட்டில் போகும், யாரும் கேட்பார்கள் என்று விளக்கினோம். "இது வீட்டுக்குள்ள இரிக்கட்டும் மகன்" என்றார். பேத்திக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு எங்களிடம் இருந்ததை அழித்தோம். அவருடைய பேரன் வாசித்த றபான்தான் கும்மிப் பாட்டில் இருப்பது. அதற்கு எல்லோரும் சம்மதம். இந்த விஷயத்தைப் பதிவு தொடங்குவதற்கு முன்பே பேசுவது நல்லது, அடுத்த முறை அப்படித்தான்.

மிக்ஸிங்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஒன்றைத் தவிர. ஹெட்போனில் நன்றாக இருந்த றபான் போனில் போட்டால் காணாமல் போனது. சின்ன ஸ்பீக்கருக்கு அடிச்சத்தம் தெரியாது. தோலுக்கு மிக அருகே வைத்த இரண்டாவது மைக்கில் விரல் படும் சத்தத்தை எடுத்து, 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கினோம். காது அடியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. அப்புறம் ஒவ்வொரு மிக்ஸையும் தெரிந்த ஒரு அண்ணையின் ஓட்டோவில், எஞ்சின் ஓடும்போதே போட்டுக் கேட்டோம். ஓட்டோவில் சொல் விளங்கினால் எங்கும் விளங்கும். கடைசியில் மொத்தச் சத்தம் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். அதற்கு மேல் தள்ளினாலும் ஸ்பொட்டிபை திரும்ப இறக்கிவிடும்.

வெளியிடும் படிவத்தில் ஒரு முடிச்சு. பாடலாசிரியர் பெயர் கேட்கிறது. அம்பாவுக்கு யார் பெயர்? மரபுப்பாடல் என்று குறிக்கும் வழி இருக்கிறது, அதைத் தெரிவுசெய்தோம். எங்கள் இரண்டு பேரின் பெயரும் கிற்றார், பதிவு என்ற இடத்தில் மட்டும். பாடியவர்களில் சம்மதித்த எல்லோர் பெயரும் பாடகர் இடத்தில். விநியோகக் கட்டணம் ஆண்டுக்கு 20 டாலருக்குச் சற்று மேல். இலங்கையிலிருந்து பேபாலில் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலையில் நாங்கள் தொடங்கினோம். ஆகவே வெளிநாட்டில் நேரடியாக விற்கும் தளங்களை விட்டுவிட்டோம். ஸ்பொட்டிபை 2024 முதல், 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் தருவதில்லை. எங்கள் ஏழில் அம்பா மட்டும் அதைத் தாண்டியது.

ஆகவே பென் டிரைவ். 8 ஜிபி, ஒன்று 850 ரூபாய்ப்படி 60 வாங்கி, பாட்டுகளோடு சொற்களையும் படங்களையும் ஏற்றி 1,500க்கு விற்றோம். எல்லாம் போய்விட்டது. கணக்கு வேண்டுமானால்: பாடியவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்தது 45,000, மற்றவை மேலே சொன்னவை, போக்குவரத்து நீங்கலாக எல்லாமாக இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். பென் டிரைவில் வந்த 90,000ஐ வலைப்பங்கு பிரிப்பதுபோலவே பிரிக்கச் சொன்னார் சம்மாட்டி ஐயா. சாமானுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. அந்த முறையில் யாரும் கேள்வி கேட்கவில்லை, எல்லோருக்கும் ஏற்கெனவே பழக்கமான கணக்கு.

இனி வரவேற்பு. இசை படித்தவர்களில் சிலர், சுருதி சேரவில்லை, கிற்றார் போதவில்லை என்றார்கள். கிற்றார் வாசிக்கும் பொடியன்கள் அம்பாவை விரும்பினாலும் கும்மியில் தாளம் தளர்வதாகச் சொன்னார்கள், அது உண்மை, அந்தப் பாட்டில் மட்டும் நாங்கள் ஆடவிடாமல் நிற்கவைத்துப் பாடவைத்திருந்தோம். பரமேஷ், கோணேஷ் சகோதரர்களின் மெல்லிசை பிறந்த ஊர் இது. அதைக் கேட்டு வளர்ந்த ஒரு மாமா, இதில் பாட்டு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்று குறைப்பட்டார். வானொலி ஒன்று அம்பாவை மூன்று நிமிடமாக்கித் தரச் சொன்னது. வேகம் ஏறிவர இடம் வேண்டும், குறைத்தால் பொருள் போய்விடும் என்று கொடுக்கவில்லை. அதனால் ஒலிபரப்பாகவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனாலும் திரும்பக் கேட்டால் இதையே சொல்வேன்.

ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் பேசியது பாட்டைப் பற்றி அல்ல, யார் யாருடைய குரல் என்று கண்டுபிடித்ததைப் பற்றி. ஒருவர் பொலிப் பாட்டின் விடுபட்ட அடி ஒன்றைத் தகப்பனிடம் கேட்டுப் பாடி அனுப்பினார். தம்பலகாமத்துப் பெரியப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினோம், உடனே சேர்ந்து பாடி, அதற்கு அடுத்த அடியையும் தந்தார்.

வாடியில் இரண்டாவது தடவை போட்டபோது, மரியாதையாக யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. பாட்டு ஓடும்போதே கதைத்தார்கள், இழுப்பு பிந்திய இடத்தில் யார் கையை விட்டது என்று சண்டை பிடித்தார்கள், அன்று பட்ட மீன் சூடையா கீரியா என்று வாதாடினார்கள். சம்மாட்டி ஐயா கடைசிப் பகுதியை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். "இப்ப வலை வருது" என்றார். பக்கத்துக் கரையொன்றில் உழவு இயந்திரத்தில் விஞ்ச் பூட்டி இழுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து வந்திருந்த ஒருவர் பென் டிரைவ் இரண்டு வாங்கிப் போனார்.

அடுத்த தொகுப்புக்கான திருத்தங்கள்: அறையை அறவே விட்டுவிடுவோம், மெத்தைகளைக் கேட்டவருக்குக் கொடுத்தாயிற்று. நெற்றியில் கட்டும் மைக்குக்குத் தண்ணீர் புகாத வகை ஒன்று பார்க்கிறோம். கும்மியை ஆடவைத்தே பதியவேண்டும், அதற்கு வட்டத்தின் நடுவில் ஒன்றும் வெளியே இரண்டுமாக மூன்று ரெக்கோடர் தேவை. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் கையில் இருப்பது ஒன்றுதான். பழையது யாரிடமாவது 50,000க்குள் இருந்தால், கச்சான் தொடங்குவதற்கு முன் சொல்லுங்கள்.